எது மாறும், எது மாறாது: தாராவி மளிகை மொத்தக் கடை ஒன்றின் தரவுத்தள மாற்றம்

பின்னணி

மும்பை தாராவியில் 90 அடி ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது அந்த மளிகை மொத்தக் கடை. இட்லி அரிசி, உளுந்து, வத்தல், பொட்டுக்கடலை, எண்ணெய் என்று சரக்கு. வாங்குகிறவர்களில் பெரும்பகுதி இட்லி வியாபாரிகள். விடியும் முன்னே இட்லி அவித்து, பாத்திரத்தோடு நகரத்தின் மூலை முடுக்குக்கெல்லாம் கிளம்புகிறவர்கள். இவர்களுக்கு முதலில் சரக்கு, அப்புறம்தான் பணம். சிலருக்கு வாரக் கணக்கு, சிலருக்கு மாதக் கணக்கு. கடை நிற்பதே பற்று வரவில்தான்.

முதலாளியைத் தெருவே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அவருடைய கணக்கு முழுவதும் 2009 வாக்கில் ஒருவர் பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதிக் கொடுத்த மென்பொருளில் ஓடியது. விவரங்களை அட்டவணைகளாகச் சேமித்து வைக்கும் தரவுத்தளம் மைஎஸ்கியூஎல். எழுதியவர் பிற்பாடு வேறு வேலைக்குப் போய்விட்டார். செம்பூரில் சிறு குழுவாக இந்த மாதிரிப் பழைய மென்பொருள்களைப் பராமரிக்கும் எங்களிடம் அது வந்து சேர்ந்தது.

2018 கடைசியில் சர்வர் வாடகைக்குக் கொடுத்திருந்த நிறுவனம் ஓர் அறிவிப்பு அனுப்பியது. பிஎச்பி 5.6-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 டிசம்பர் 31-ஓடு நிற்கின்றன. அதன் பிறகு 7 வரிசைப் பதிப்புகள் மட்டும்தான். மென்பொருளின் நகலை 7.2-ல் ஏற்றிப் பார்த்தோம். உள்நுழையும் பக்கமே திறக்கவில்லை.

இப்படி மென்பொருளைத் திருத்தும்போது, தரவுத்தளத்தோடு பேசும் ஃபங்ஷன்களை (பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆயத்த நிரல் துண்டுகளை) எங்கும் நேரடியாகக் கூப்பிடுவதா, நடுவில் ஓர் அடுக்கை வைத்து அதன் வழியாகப் பேசுவதா என்று கேட்டால், "நாளைக்குத் தரவுத்தளத்தை மாற்றினால் என்ன செய்வாய்?" என்ற எதிர்க்கேள்விதான் முதலில் வருகிறது. அது தவறான இடத்தில் தொடங்கும் கேள்வி என்பது என் உறுதியான எண்ணம். ஏன் என்று இந்த ஒரு கடையின் கதையை வைத்தே சொல்ல முடியும்.

உடைந்தது எது

பிஎச்பியில் ஆரம்ப காலத்திலிருந்து இருந்த பழைய மைஎஸ்கியூஎல் ஃபங்ஷன்களுக்கு 2013-ல் வந்த 5.5 பதிப்பு "இனி இவற்றைப் பயன்படுத்த வேண்டாம்" என்று எச்சரிக்கை கொடுத்தது. 2015 டிசம்பரில் 7.0 அவற்றை அடியோடு நீக்கியது. மாற்றுகள் அதற்கு வெகு முன்பே வந்துவிட்டன. மைஎஸ்கியூஎல்லுக்கு மட்டுமான மைஎஸ்கியூஎல்ஐ 2004-ல் 5.0 பதிப்போடும், பல தரவுத்தளங்களோடும் பேசும் பிடிஓ 2005-ல் 5.1 பதிப்போடும் வந்தவை. ஆனால் 2009-ல்கூட, புத்தகங்களிலும் பயிற்சி வகுப்புகளிலும் பழையவைதான் சொல்லிக்கொடுக்கப்பட்டன. கடை மென்பொருளில் நூற்றுக்கும் மேற்பட்ட கோப்புகள். ஏறத்தாழ எல்லாவற்றிலும் இந்தப் பழைய ஃபங்ஷன்கள் நேரடியாகக் கூப்பிடப்பட்டிருந்தன.

இன்னொரு நோயும் இருந்தது. திரையில் தட்டுவதை அப்படியே எஸ்கியூஎல் (தரவுத்தளத்துக்குக் கட்டளையிடும் மொழி) வாக்கியத்துக்குள் ஒட்டி அனுப்பும் பழக்கம். சில இடங்களில் மேற்கோள் போன்ற குறிகளை ஆபத்தில்லாமல் ஆக்கும் காப்பு ஃபங்ஷன் போட்டிருந்தார்கள், பல இடங்களில் இல்லை. மும்பையில் இது சீக்கிரம் வெளியே தெரிந்துவிடும். டிசூசா, டிசில்வா போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது முதல் எழுத்துக்குப் பின்னால் ஒற்றை மேற்கோள் குறி வரும். எஸ்கியூஎல் அந்தக் குறியை மதிப்பின் முடிவு என்று எடுத்துக்கொள்வதால், அதோடு பெயரைத் தட்டினால் திரை பிழையில் நின்றுவிடும். கடைப் பையன்கள் குறியை விட்டுவிட்டு எழுதப் பழகிக்கொண்டார்கள். ஒரு மேற்கோள் குறிக்கு உடைகிற வாக்கியம், கெட்ட எண்ணத்தோடு வருகிறவன் எதைத் தட்டினாலும் அதையும் கட்டளையாக ஏற்கும். மதிப்புகளைத் தனியாகப் பிரித்து அனுப்பும் முறைக்கு மாறியே ஆக வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

என்னோடு வேலை பார்க்கும் தம்பி முழு ஓஆர்எம் (அட்டவணை வரிசைகளை நிரலின் பொருள்களாக மாற்றி, எஸ்கியூஎல்லைத் தானே எழுதிக்கொள்ளும் கருவி) வைத்த ஃப்ரேம்வொர்க்கில் (ஆயத்த நிரல் சட்டகத்தில்) எல்லாவற்றையும் திரும்ப எழுதலாம் என்றான்.

"அக்கா, இப்ப எழுதிட்டா நாளைக்குப் போஸ்ட்கிரெஸ் போனாலும் கவலை இல்ல" என்பது அவன் வாதம். போஸ்ட்கிரெஸ் இன்னொரு தரவுத்தளம்.

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. பல வாடிக்கையாளர்களின் சர்வரில், அவரவர் வைத்திருக்கும் தரவுத்தளத்தில் ஓட வேண்டிய பொருளைச் செய்கிறவர்களுக்கு அது கட்டாயம். இணையவழிப் பாடம் நடத்த உதவும் மூடுல் மென்பொருள் அப்படித்தான் இருக்கிறது. மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ், மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வர் என்று பலவற்றிலும் ஓட வேண்டும் என்பதால் அதற்கென்றே சொந்த அடுக்கு ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

அண்ணாச்சி கடை அப்படியா? 2009-லிருந்து என்னென்ன மாறியது என்று எழுதிப் பார்த்தோம். பிஎச்பி பதிப்பு மாறியது. சர்வர் நிறுவனம் மாறியது. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்து பில் அமைப்பே மாறியது. தரவுத்தளம் மட்டும் மாறவில்லை. மாற்ற வேண்டிய காரணமும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை இல்லை. இந்தக் கடையின் கீழிருந்து உருவப்பட்டது பிஎச்பிக்கும் மைஎஸ்கியூஎல்லுக்கும் நடுவே இருந்த மெல்லிய ஃபங்ஷன் கூட்டம் மட்டுமே. அது நூறு கோப்புகளில் சிதறிக் கிடந்ததுதான் வலி. ஒரே கோப்பில் இருந்திருந்தால் ஒரு மத்தியான வேலை.

இதற்கு நல்ல சாட்சி, இணையதளங்களை நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருள். அது மைஎஸ்கியூஎல் குடும்பத்தை மட்டுமே நம்பி வளர்ந்தது. வேறு தரவுத்தளத்துக்கு மாறும் வசதியைத் தன்னோடு கொண்டுவரவில்லை. ஆனால் அதன் சொந்த அழைப்புகள் எல்லாம் ஒரு வகுப்பின் (கிளாஸ் எனப்படும் நிரல் தொகுப்பின்) வழியாகப் போகும். 2014-ல் 3.9 பதிப்பில் அந்த வகுப்புக்குள் மைஎஸ்கியூஎல்ஐக்கு மாறினார்கள். அந்த வகுப்பின் வழியாகவே பேசிய ப்ளக்இன்களில் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை மென்பொருள்களில்) எதையும் தொட வேண்டி வரவில்லை. பழைய ஃபங்ஷன்களை நேரடியாகக் கூப்பிட்ட ப்ளக்இன்கள்தான் அடிபட்டன.

ஒரு கேள்விக்குள் மூன்று

இணைப்பைத் திறந்து மதிப்புகளை அனுப்பி விடையை வாங்குவது ஒன்று. எஸ்கியூஎல் வாக்கியத்தை எந்த வட்டார வழக்கில் எழுதுவது என்பது இன்னொன்று. அட்டவணை வரிசைகளைப் பொருள்களாக மாற்றிக் கையாள்வது மூன்றாவது. "அடுக்கு வேண்டுமா, வேண்டாமா" என்று கேட்கும்போது இந்த மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். மூன்றுக்கும் தனித்தனியாக முடிவெடுக்கலாம் என்று தெரிந்ததும் எங்கள் விவாதத்தின் சூடு பாதி இறங்கிவிட்டது.

முதலாவதற்குப் பிடிஓ. மைஎஸ்கியூஎல்ஐயின் ஃபங்ஷன் பெயர்கள் பழையவற்றைப் போலவே இருப்பதால் தேடி மாற்றினால் போதும் என்று தோன்றும். ஆனால் பழைய க்வெரி ஃபங்ஷனில் வாக்கியம் முன்னால், இணைப்பு பின்னால். புதியதில் இணைப்புதான் முன்னால் வர வேண்டும். அதோடு, அன்றைய மைஎஸ்கியூஎல்ஐயில் மதிப்புகளைப் பிணைக்க (வாக்கியத்தில் அவற்றுக்கென விட்ட இடங்களோடு சேர்க்க) ஒவ்வொன்றின் வகையையும் ஓர் எழுத்துச் சரமாகச் சொல்ல வேண்டும். நிபந்தனைகள் கூடிக் குறையும் தேடல் திரைகளில் இது பெரிய தொல்லை. பிடிஓவில் பெயரிட்ட இடங்களை வைத்து, மதிப்புகளை ஓர் அரேயாகக் (பட்டியலாகக்) கொடுத்தால் போதும். வேகத்தில் பேசும்படியான வித்தியாசம் இல்லை. இப்போதைய பிஎச்பியில் வழக்கமாக இரண்டுக்கும் அடியில் ஓடுவது மைஎஸ்கியூஎல்லோடு பேசும் ஒரே டிரைவர், மைஎஸ்கியூஎல்என்டிதான்.

பிடிஓ எஸ்கியூஎல்லை மொழிபெயர்க்காது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். மைஎஸ்கியூஎல் வழக்கில் எழுதியதைப் போஸ்ட்கிரெஸுக்கு அனுப்பினால் அப்படியே போய் உடையும். பிடிஓ போட்டுவிட்டோம், இனி எந்தத் தரவுத்தளத்துக்கும் போகலாம் என்று சொல்கிறவர்களை இன்றும் பார்க்கிறேன். அதில் கிடைப்பது அணுகும் முறையின் ஒற்றுமை மட்டுமே.

பிடிஓவையும் நேரடியாக எங்கும் கூப்பிடவில்லை. ஒரு கோப்பில் நான்கைந்து சொந்த ஃபங்ஷன்கள்: ஒரு வரிசை எடு, பல வரிசை எடு, எழுது, எல்லாம் சேர்த்து ஒரே பரிவர்த்தனையாக (நடந்தால் முழுதும், இல்லையென்றால் எதுவுமே இல்லை என்ற முறையில்) செய். மற்றக் கோப்புகள் எல்லாம் இவற்றைத்தான் கூப்பிடும். எஸ்கியூஎல் வாக்கியங்களையும் திரைக் கோப்புகளிலிருந்து பிடுங்கி, கணக்கு, சரக்கு, வாடிக்கையாளர் என்று துறைவாரியான கோப்புகளில் சேர்த்தோம்.

பெயர்கள் சிதறிய விவகாரம்

சோதனை நகலில் பிடிஓ இணைப்பை எல்லா மொழிகளுக்குமான யூடிஎஃப்8எம்பி4 எழுத்துக் குறியீட்டோடு (மைஎஸ்கியூஎல்லில் யூடிஎஃப்8-ன் முழு வடிவம்) திறந்ததும், தமிழில் இருந்த வாடிக்கையாளர் பெயர்கள் எல்லாம் அர்த்தமில்லாத ஐரோப்பியக் குறிகளாக மாறி நின்றன. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சியின் முகம் மாறிவிட்டது.

"என்ன தாயி, பேரெல்லாம் இப்படிச் செதறிக் கெடக்கு? கணக்கெல்லாம் போச்சா?"

"ஒண்ணும் போகல அண்ணாச்சி. இது நகல்தான், அசல் அப்படியே இருக்கு" என்றேன்.

உண்மையில் நகலிலும் எதுவும் போகவில்லை. பழைய அட்டவணைகளின் எழுத்துக் குறியீடு, எழுத்துக்கு ஒரு பைட் என்று ஐரோப்பிய எழுத்துகளை வைக்கும் லத்தீன்1. பழைய இணைப்பும் லத்தீன்1. உலாவி அனுப்பியதோ யூடிஎஃப்8. தமிழில் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளியும் யூடிஎஃப்8-ல் 3 பைட். இணைப்பும் அட்டவணையும் ஒரே குறியீட்டைச் சொன்னதால் சர்வர் எதையும் மாற்றாமல் அந்தப் பைட்டுகளை வாங்கி வைத்தது. கேட்டபோது அப்படியே திருப்பிக் கொடுத்தது. உலாவி அதைத் தமிழாகக் காட்டியது. ஒரு பக்கத்தை மட்டும் சரியாக்கியதும் சர்வர் தன் கடமையைச் செய்யத் தொடங்கியது. ஒவ்வொரு பைட்டையும் தனித்தனி லத்தீன் எழுத்தாக நினைத்து யூடிஎஃப்8-க்கு மாற்றிக் கொடுத்தது. மூன்று பைட்டுள்ள ஒரு தமிழ்க் குறி மூன்று அந்நியக் குறிகளாகத் தெரிந்தது இப்படித்தான்.

இந்த நிலையில் அட்டவணையை நேரடியாக யூடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றும் கட்டளையைக் கொடுத்தால், திரையில் தெரிந்த அந்தக் கோளாறு அட்டவணைக்குள்ளேயே நிரந்தரமாக எழுதப்பட்டுவிடும். செய்ய வேண்டியது இரண்டு படி. முதலில் அட்டவணையின் பத்தியை (நெடுவரிசையை) வார்பைனரி வகைக்கு மாற்ற வேண்டும். அப்போது பைட்டுகள் எழுத்து என்ற அடையாளத்தை இழந்து வெறும் பைட்டுகளாகும். அதன் பிறகு யூடிஎஃப்8எம்பி4 குறியீடுள்ள வார்கேர் என்ற எழுத்து வகைக்கு மாற்ற வேண்டும். அப்போது அதே பைட்டுகள் தங்கள் உண்மையான பெயரில் படிக்கப்படும்.

இரண்டாவது படி சில வரிசைகளில் பிழை கொடுத்தது. பெயர்ப் பத்தியின் அளவு 30. லத்தீன்1-ல் அது 30 பைட், அதாவது பத்தே பத்து தமிழ்க் குறிகள். முருகேசன் ஸ்டோர் என்று ஒரு பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். முருகேசன் என்பதற்கு உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சேர்த்து 9 குறிகள், 27 பைட். இடைவெளிக்கு 1. மீதி இருப்பது 2 பைட். 'ஸ' என்ற எழுத்துக்கு 3 பைட் வேண்டும். பழைய சர்வர் கண்டிப்பில்லாத முறையில் ஓடியதால் இடம் போதாதபோது வாயைத் திறக்காமல் வெட்டிவிட்டது. அரை எழுத்து உள்ளே போய் உட்கார்ந்திருந்தது. நீளம் சரியாக 30 பைட் இருக்கும் வரிசைகளைத் தேடி எடுத்தோம். அண்ணாச்சியின் பழைய பேரேட்டை வைத்து அவர் மகளே ஒவ்வொரு பெயரையும் முழுதாக எழுதிக் கொடுத்தாள். எந்த அடுக்கும், எந்த ஓஆர்எம்மும் இந்த வேலையை நமக்காகச் செய்யாது. தரவுத்தளம் எழுத்தை எப்படி வைத்திருக்கிறது என்று தெரிந்தவர் ஒருவர் உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

இதற்குக் கைமேல் பலனும் கிடைத்தது. எழுத்து எழுத்தாக இருப்பதால் அகர வரிசையைத் தரவுத்தளமே பார்த்துக்கொள்கிறது. யூனிகோட் எண் வரிசையில் 'ந'வுக்கு அடுத்து 'ன' வரும். அந்த வரிசையில் கனி முன்னாலும் கமலா பின்னாலும் வருவார்கள். தமிழ் முறைப்படி 'ன' கடைசி மெய், கமலாதான் முதலில். யூனிகோட் கொலேஷன் (எழுத்துகளை அடுக்கும் விதி) வைத்த பத்தியில் ஆர்டர் பை (வரிசைப்படுத்தும் கட்டளை) போட்டாலே இது சரியாக வருகிறது. பிஎச்பியின் சாதாரண சார்ட் (வரிசைப்படுத்தும் ஃபங்ஷன்) பைட் கணக்கில் அடுக்கும்.

பற்று வரவு

என்னைப் பொறுத்தவரை இந்த வேலையின் நெஞ்சு இதுதான்.

பழைய நிரல் பாக்கித் தொகையைப் படித்து, பிஎச்பியில் கூட்டிக் கழித்து, விடையைத் திரும்ப எழுதியது. ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்த காலத்தில் சரி. இப்போது கல்லாவில் ஒருவர், வசூலுக்குப் போகிறவர் கையில் போன். ஒரு வியாபாரியின் பாக்கி 8000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வசூல்காரர் 3000 வரவு வைக்கிறார். அதே நொடியில் கல்லாவில் 2500-க்குச் சரக்கு பற்று எழுதுகிறார்கள். இரண்டு பேரும் படித்தது 8000. ஒருவர் 5000 என்று எழுத, அடுத்தவர் அதன்மேல் 10,500 என்று எழுதுவார். வந்திருக்க வேண்டியது 7500. வியாபாரி கொடுத்த 3000 காணாமல் போகும். இட்லி விற்றுச் சேர்த்த காசு அது. கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் நடுவில் சண்டையை மூட்டிவிட்டு மென்பொருள் ஓரமாக நிற்கும்.

இதற்குத் தீர்வு தரவுத்தளத்திடமே இருக்கிறது. பாக்கியைப் படிக்காமல், இருக்கும் பாக்கியில் இவ்வளவைக் கூட்டு என்று ஒரே வாக்கியத்தில் சொல்லலாம். பேரேட்டு வரிசையைச் சேர்ப்பதும் பாக்கியை மாற்றுவதும் ஒரே பரிவர்த்தனைக்குள் நடக்கும். கடன் வரம்பைச் சரிபார்க்க வேண்டிய இடத்தில் செலக்ட் (வரிசையைப் படிக்கும்) வாக்கியத்தின் கடைசியில் ஃபார் அப்டேட் போட்டு அந்த வரிசையைப் பூட்டிக்கொள்கிறோம். முதலாமவர் முடிக்கும்வரை அடுத்தவர் காத்திருப்பார்.

அதற்கு முன் அட்டவணைகளை மைஐசாம் எஞ்சினிலிருந்து (எஞ்சின் என்பது மைஎஸ்கியூஎல்லுக்குள் தரவைச் சேமிக்கும் பகுதி) பரிவர்த்தனை உள்ள இன்னோடிபிக்கு மாற்றினோம். இது மிக முக்கியம். மைஐசாமில் பரிவர்த்தனை கிடையாது, ஆனால் பரிவர்த்தனையைத் தொடங்கு, திரும்பப் பெறு என்று சொன்னால் பிழை காட்டாமல் தலையாட்டும். பாதியில் நின்ற வேலை பாதியிலேயே நிற்கும். பிஎச்பிப் பக்கம் என்ன அடுக்கை வைத்திருந்தாலும் இதே கதைதான்.

ஓஆர்எம்களிலும் வரிசையைப் பூட்டும் வழி உண்டு. கேட்டால் கொடுக்கும். ஆனால் ஒரு பொருளை எடு, அதன் பாக்கியை மாற்று, சேமி என்பதுதான் அங்கே இயல்பாகக் கை போகும் பாதை. அது மேலே சொன்ன பழைய தவறையே அழகான உடையில் திரும்பச் செய்ய வைக்கும். பணம் நடமாடும் இடத்தில் எஸ்கியூஎல் கண்ணெதிரே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. தொகைகளின் கூட்டலையும் தரவுத்தளத்திடமே விட்டோம். டெசிமல் (துல்லியமான தசம எண்) பத்திகள் பிடிஓ வழியாக எழுத்துச் சரமாகத்தான் வருகின்றன. அவற்றை ஃப்ளோட் (தோராயமாக வைக்கும் தசம எண்) ஆக்கிக் கூட்டினால் பைசாக்கள் பிசகும்.

தினசரி விலைப் பட்டியலுக்கு ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட். பொருளும் தேதியும் சேர்ந்து ஏற்கெனவே இருந்தால் விலையை மாற்று, இல்லையென்றால் புதிதாகச் சேர் என்பதை ஒரே வாக்கியம் செய்துவிடுகிறது. இது மைஎஸ்கியூஎல்லின் சொந்த வழக்கு. போஸ்ட்கிரெஸ் இதே வேலைக்கு ஆன் கான்ஃப்ளிக்ட் என்ற வேறு வாக்கியத்தை 2016-ல் 9.5 பதிப்பில்தான் கொண்டுவந்தது. என்றாவது அங்கே போனால் இந்த வரியைத் திரும்ப எழுத வேண்டும். சரி, அன்றைக்கு எழுதிக்கொள்ளலாம்.

தம்பியின் பங்கு

வாடிக்கையாளர், பொருள், வண்டி என்று அடிப்படை விவரங்களை வைக்கும் பத்துப் பன்னிரண்டு மாஸ்டர் திரைகள் இருந்தன. எல்லாவற்றிலும் ஒரே சேர், திருத்து, பட்டியல். இங்கே கையால் எஸ்கியூஎல் எழுதுவது வீண் உழைப்பு என்றான் தம்பி. அது சரிதான். அட்டவணைப் பெயரையும் மதிப்புகளையும் கொடுத்தால் வாக்கியத்தைத் தானே கட்டும் ஒரு சிறு கருவியை அவன் எழுதினான். பத்திப் பெயர்களை மதிப்புகளைப் போலப் பிணைத்து அனுப்ப முடியாது என்பதால், அனுமதித்த பெயர்களின் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே வாக்கியத்தில் சேர்க்கிறான்.

பட்டியல் பக்கங்களில் ஒரு சிக்கல் வந்தது. பிடிஓ மைஎஸ்கியூஎல்லோடு பேசும்போது, பிணைப்பைத் தரவுத்தளத்திடம் விடாமல், மதிப்புகளை வாக்கியத்துக்குள் தானே செருகிப் பாவனை செய்வதுதான் இயல்பு அமைப்பு. அரேயாகக் கொடுத்த எண்களுக்கும் மேற்கோள் போட்டு லிமிட்டுக்குப் (இத்தனை வரிசை மட்டும் போதும் என்ற கட்டளை) பின்னால் வைத்துவிடும். மைஎஸ்கியூஎல் அதை ஏற்காது. பாவனையை அணைத்துவிட்டோம். அணைத்தால் ஒரே பெயரிட்ட இடத்தை ஒரு வாக்கியத்தில் இரண்டு முறை பயன்படுத்த முடியாது. தேடல் திரைகள் சிலவற்றில் அதற்காகப் பெயர்களைப் பிரிக்க வேண்டியிருந்தது.

சோதனைகளை எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளத்தில் ஓட்டலாம், வேகமாக இருக்கும் என்ற யோசனையும் வந்தது. ஃபார் அப்டேட் எஸ்கியூலைட்டில் கிடையாது. நாம் சோதிக்க வேண்டியதே அந்தப் பூட்டைத்தான் என்பதால் சோதனையும் மைஎஸ்கியூஎல்லிலேயே நடக்கிறது.

பிற்பாடு

பிஎச்பி 8 வந்தபோது இந்த ஏற்பாடு சோதனைக்கு உள்ளானது. 8.0-லிருந்து பிடிஓ பிழைகளை எக்செப்ஷனாக (கையாளாவிட்டால் நிரலை நிறுத்திவிடும் அறிவிப்பாக) எறிவதே இயல்பு. நாங்கள் முன்பே அப்படித்தான் அமைத்திருந்தோம். 8.1-ல் பாவனை முறையிலும் முழு எண்களும் ஃப்ளோட் எண்களும் எண்களாகவே வரத் தொடங்கின; எங்களுடையதில் பாவனையே இல்லை. தரவுத்தளக் கோப்பில் ஒரு வரியும் மாறவில்லை. படிவங்களில் சுழியத்தையும் வெற்றுச் சரத்தையும் ஒப்பிட்ட பழைய இடங்கள்தான் தொல்லை கொடுத்தன, ஏனென்றால் 8-ல் அவை இரண்டும் சமம் இல்லை.

மைஎஸ்கியூஎல் 5.7-லிருந்து 8.0-க்கு மாறியபோதுதான் கையால் எழுதிய எஸ்கியூஎல்லுக்கு விலை கொடுத்தோம். வசூல் வழித்தடங்களை வைத்திருந்த அட்டவணையின் பெயர் குரூப்ஸ். 8.0-ல் அது எஸ்கியூஎல் கட்டளைகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட சொல்லாகிவிட்டது. பெயரைச் சுற்றிக் குறி போடாமல் எழுதிய வாக்கியங்கள் எல்லாம் நின்றன. தம்பியின் கருவி எல்லாப் பெயர்களுக்கும் தானாகவே குறி போடும் என்பதால் மாஸ்டர் திரைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கையால் எழுதியவை துறைவாரிக் கோப்புகளுக்குள்ளேயே இருந்ததால் தேடித் திருத்துவது சுலபமாகவே முடிந்தது.

மாதக் கணக்குச் சீட்டில் இன்னொன்று வந்தது. 5.7 வரை குரூப் பை (வரிசைகளைத் தொகுக்கும் கட்டளை) போட்டால் விடை தானாகவே வரிசைப்பட்டு வரும், 8.0 அந்த வழக்கத்தைக் கைவிட்டது. அச்சிட்டுப் பார்த்தபோது வியாபாரிகளின் பெயர்கள் முன்னும் பின்னுமாக வந்தன. அந்த அறிக்கைகளில் ஆர்டர் பை சேர்த்தோம். அட்டவணைக்கு வழித்தடம் என்ற புதுப் பெயரைத் தம்பி வைத்தான்.